காற்று தைத்த மூடி

எங்கள் அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வண்டியில் ஏறினாலே குமட்டும். பத்து நிமிஷப் பயணத்துக்குக்கூட மூன்று பிளாஸ்டிக் பையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஏறுவாள். அப்படிப்பட்டவள்தான் எங்கள் பக்கம் ஓடும் பிக்கப் வண்டிகளில் பாதிக்குப் பின்பெட்டி மூடி தைத்துக் கொடுத்திருக்கிறாள். இந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்காத டிரைவர் கிடையாது. நானும் ஒரு டிரைவர்தான், நானும் சிரித்திருக்கிறேன். இப்போது யாராவது சிரித்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது.

பத்தொன்பது வயதில் கூடாரம் தைக்கும் கம்பெனியில் சேர்ந்தாள். ஒருநாள் ஊசி நகத்தோடு சேர்த்து ஆள்காட்டி விரலைத் தைத்துவிட்டது. மெஷினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி, விரலை எடுத்துக் கட்டுப்போட்டுக்கொண்டு மீதித் தையலை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள் என்று மச்சான் இன்றைக்கும் சொல்வார். மச்சான் ஒரு விடுதியில் சமையல். அவர்தான் தன் சேமிப்பைப் போட்டு, பெரிய சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தார். உள்ளே நீளமான வெட்டு மேஜை, கனமான தையல் மெஷின், சுவரெல்லாம் கான்வாஸ் சுருள். இருபத்தாறு வருஷமாக அவள் உலகம் அதுதான்.

வண்டிகளை அவள் பின்பக்கமாகத்தான் அறிவாள். எந்த வண்டிக்கு எந்த எஞ்சின் என்று கேட்டால் முழிப்பாள். பின்பெட்டியின் அகலம் மட்டும் விரல்கடை பிசகாமல் சொல்வாள். கிழிந்து திரும்பி வரும் மூடிகளை மேஜையில் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரு, பட்டன் எல்லாம் மேல்பக்கமா பிடுங்கியிருக்கு. ஓடும்போது துணி உப்புது. காத்து மேலிருந்து அமுக்கும்னுதானே நீங்க எல்லாம் சொல்றீங்க?" என்றாள். "நீ தைக்கிற வேலையைப் பாரு, காத்தை நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாய் அப்படிப்பட்டது.

அந்த வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நான்கு வருஷத்துக்கு முன்னால் கொட்டகைக்குப் புதுப் பெயர்ப்பலகை வைத்தபோது, என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தாள். பெயர், தொழில் எல்லாம் எழுதிய பிறகு கீழே கொஞ்சம் இடம் மிஞ்சியது. "மூடி போட்டால் நூற்றுக்குப் பத்து டீசல் மிச்சம்" என்று எழுதிவிட்டேன்.

"பத்துன்னு யாரு பாத்தாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"எல்லாரும் சொல்றதுதானே. திறந்த பெட்டியில காத்து போய் மாட்டிக்கும். பின்கதவுல முட்டி வண்டியைப் பின்னாடி இழுக்கும். மூடிட்டா வழுக்கிக்கிட்டுப் போயிடும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"எல்லாரும் சொன்னாங்க சரி. பாத்தது யாரு?"

அந்தக் கேள்வியை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெயிண்ட் காய்வதற்குள் பத்தை மாற்றி ஐந்து ஆக்கியிருக்கலாம். பத்து என்பது பலகையில் பார்க்க எடுப்பாக இருந்தது. அந்தத் தத்துவத்தில் எனக்கு அசையாத நம்பிக்கை வேறு. சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதெல்லாம் பின்கதவை இறக்கிவிட்டு, காற்றுக்கு வழிவிட்டுவிட்டதாகப் பெருமையோடு ஓட்டியவன் நான்.

ஒரு திங்கட்கிழமை காலை. ரேடியோ என்று நாங்கள் கூப்பிடுகிறவன் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றான். அவன் ஒரு சலவைக் கம்பெனியின் டிரைவர். ஆஸ்பத்திரி, விடுதி என்று இருபத்துமூன்று இடத்தில் அழுக்கு மூட்டை எடுத்து, வெளுத்த மூட்டை இறக்கும் வேலை. நாளெல்லாம் கூட இருந்தாலும் நாலு வார்த்தை பேசமாட்டான் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தோம். எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் முதலாளி எங்கள் பலகையைப் படித்துவிட்டுத்தான் அந்த வண்டிக்கு மூடி போட்டிருந்தார்.

ரேடியோ உள்ளே வரவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா எழுந்து வெளியே போனாள்.

"அக்கா, இது நெஜமா?" என்று கீழ் வரியைக் காட்டினான்.

"ஏன் தம்பி?"

அவன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னதை நான் கோர்த்துச் சொல்கிறேன். மூடி போட்ட பிறகும் வண்டி முன்பு குடித்த அதே டீசலைத்தான் குடிக்கிறது. நூற்றுக்குப் பத்து மிச்சமாக வேண்டும், ஆகவில்லை. அப்படியென்றால் மிச்சமான அந்தப் பத்தை டிரைவர் உறிஞ்சி விற்கிறான் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார். சனிக்கிழமைக்குள் ஒப்புக்கொண்டால் வேலையை விட்டு மட்டும் நிறுத்துவாராம். இல்லையென்றால் போலீஸாம். பதினோரு வருஷ வேலை.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"எடுக்கலன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா? சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதுதானே!"

"எடுக்கலயே" என்றான் மறுபடியும். வேறு எதைச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மிஞ்சிப்போன இடத்தை நிரப்ப நான் எழுதிய ஒரு வரி, வாய் பேசாத மனுஷனைத் திருடன் ஆக்கிவிட்டது. அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "சனிக்கிழமைக்கு அஞ்சு நாள் இருக்கு. உன் வண்டி எனக்கு வேணும்" என்றாள்.

நான் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள் முதலில் செய்தது பின்பெட்டியைப் பெருக்குவது. அளவெடுக்கும் முன் எந்த வண்டியையும் அவளே பெருக்குவாள், அது அவள் வழக்கம். பாதிப் பெருக்கலில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷமா பெருக்குறேன். தூசி, காகிதக் கப்பு, காஞ்ச இலை எல்லாம் டிரைவர் கேபினை ஒட்டி, முன்பக்கமாத்தான் சேர்ந்து கிடக்கு. காத்து எல்லாத்தையும் பின்னாடி தள்ளுதுன்னா குப்பை ஏன் முன்னாடி இருக்கு?"

"பிரேக் போட்டா எல்லாம் முன்னாடிதான் வரும்."

"பிரேக்குக்குக் கல்லு வரும், ஒத்துக்குறேன். தூசியுமா வரும்?"

தொண்ணூறில் போகும்போது கண்ணாடியில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், பின்பெட்டியில் ஒரு காகிதக் கப்பு கேபின் பக்கமாகவே உருண்டுகொண்டிருக்கும், பறந்துபோகாது. பதினைந்து வருஷமாகப் பார்த்தும் ஏன் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் வெட்டுமிச்ச நூல்களை எல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கினாள். ஒருமுனையில் மட்டும் டேப் ஒட்டி, பின்பெட்டி முழுக்க நட்டாள். தரையில் சிவப்பு, பக்கச்சுவரில் வெள்ளை, பின்கதவின் மேல்விளிம்பிலும் கேபின் கூரையிலும் நீலம். இருநூறுக்கு மேல் இருக்கும். நான் நக்கலாகத்தான் கேட்டேன், "வண்டிக்கு முடி நட்டு விடுறியா?" என்று. "பாக்குறதுன்னா பாரு, பேசுறதுன்னா பேசு, ரெண்டுல ஒண்ணு செய்" என்றாள்.

பின்பெட்டியில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். முடியவே முடியாது என்றேன். கடைசியில், என் நாலு கதவு வண்டியில் பின்சீட்டில் மண்டிபோட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்ப்பது என்று ஒப்பந்தம். முன்னால் பார்த்து உட்கார்ந்தாலே குமட்டுகிறவள், பின்பக்கம் திரும்பி மண்டிபோட்டு நெடுஞ்சாலையில் போகப்போகிறாள்! மூன்று பைக்குப் பதில் எட்டுப் பை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நெடுஞ்சாலையில் ஏறினோம். காற்று அசங்காத நேரம். ஐம்பது, அறுபது. பின்னாலிருந்து சத்தமில்லை. இரண்டு பையை முடிச்சுப் போட்ட சத்தம் மட்டும் கேட்டது. எண்பது. தொண்ணூறு.

"நிறுத்து" என்றாள்.

"ரொம்ப முடியலையா?"

"அது இல்லடா. நிறுத்திட்டு நீ வந்து பாரு."

"நிறுத்தினா என்ன தெரியும்? காத்து நின்னுடுமே!"

"அட ஆமா. அப்ப நீ ஓட்டு, ஓட்டு. ஐயோ, நீ இதைப் பாக்கணுமே..." என்றாள். அவள் குரல் நடுங்கியது. எங்கள் அம்மா செத்தபோதுகூட அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

அடுத்த சுற்றுக்கு என் கூட்டாளி ஒருவனை ஓட்டச் சொல்லிவிட்டு, அக்கா பக்கத்தில் நானும் மண்டிபோட்டேன். கூரையில் இருந்த நீல நூல்கள் விறைத்துப் பின்னால் பாய்ந்தன. பின்கதவின் மேல்விளிம்பில் இருந்தவையும் பின்னால் பாய்ந்தன. அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் தரையில் இருந்த சிவப்பு நூல்கள்! எல்லாம் ஒன்றுபோல எங்களைப் பார்த்து, முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. வண்டி தொண்ணூறில் முன்னால் ஓட, பெட்டிக்குள்ளே காற்று தரையோடு தரையாக எங்கள் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தது. கேபின் சுவர் வரை வந்து மேலே ஏறி, மறுபடி பின்னால் போய், பின்கதவில் இறங்கி, மறுபடி வந்தது. பெட்டி நிறைய ஒரே ஒரு பெரிய சுருள். அது அங்கேயே குடியிருந்தது. மேலே விரைகிற காற்று அதன் முதுகில் வழுக்கிப் பின்கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"புரியுதா?" என்றாள் அக்கா. "இது திறந்த பெட்டியே இல்ல. காத்து தானே ஒரு மூடி போட்டுக்கிச்சு. இருபத்தாறு வருஷமா நான் தைக்கிறேன்னு நினைச்சேன். எனக்கு முன்னாடியே இது தைச்சுப் போட்டிருக்கு. நூலும் இல்லாம, ஊசியும் இல்லாம."

சொல்லிவிட்டு மூன்றாவது பையை எடுத்தாள். என் வண்டிக்குள், என் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் இவ்வளவு பெரிய காரியம் தினமும் நடந்திருக்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதை மறைக்க இருமினேன்.

பின்கதவை இறக்கிவிட்டுப் பார்த்தோம், என் பெருமைக்குரிய ஓட்டம். சிவப்பு நூல்கள் ஒழுங்கெல்லாம் கெட்டு, ஆளுக்கொரு பக்கம் அடித்துக்கொண்டு தவித்தன. "நீ வழிவிட்டது காத்துக்கு இல்ல. அது போட்டு வச்ச மூடியைத்தான் பிரிச்சு விட்டிருக்க" என்றாள். குட்டு வாங்கிய தலையை நானே தடவிக்கொண்டேன்.

நூல் காட்டியது சரி, டீசல் என்ன சொல்கிறது? அதற்கும் அவள் விடவில்லை. அன்று மத்தியானத்துக்குள் என் வண்டிக்கு ஒரு மூடி தைத்தாள். ஒரே பெட்ரோல் பங்கு, ஒரே குழாய், டேங்க் கழுத்து வரை நிரப்பி, வண்டியைக் குலுக்கி நுரை அடங்க விட்டு மறுபடி நிரப்புவது. நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் போய்த் திரும்பி, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பது. மூடி போட்டு மூன்று தரம், போடாமல் மூன்று தரம், பின்கதவை இறக்கி மூன்று தரம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மீட்டரைப் பார்த்து, வெட்டு மேஜையில் சாக்குக்கட்டியால் எழுதினாள். செவ்வாயும் புதனும் அதிலேயே போயின. தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

நெடுஞ்சாலையில் தொண்ணூறில் போனால், ஏழு லிட்டர் குடிக்கிற தூரத்துக்கு மூடி மிச்சப்படுத்தியது சுமார் ஒரு டம்ளர். பின்கதவை இறக்கினால் அரை டம்ளர் கூடுதலாகத்தான் குடித்தது. பிறகு ரேடியோவின் பாதையில், அந்த இருபத்துமூன்று இடத்திலும் நின்று நின்று ஓட்டிப் பார்த்தோம். அந்த நகர்வேகத்தில் மூடி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

புதன் சாயங்காலம் அக்கா ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள். என் கையில் சுரண்டுகிற தகட்டைக் கொடுத்தாள்.

"பத்தை மட்டும் எடுத்துட்டு, நெடுஞ்சாலையில் கொஞ்சம் மிச்சம்னு எழுதவா? அதுவாவது உண்மைதானே. வர்ற ஆளு குறைஞ்சா நீ என்ன பண்ணுவ?" என்றேன்.

"முதல்ல சுரண்டு. அவன் பேரு அதுல மாட்டியிருக்கு."

சுரண்டினேன். நல்ல பெயிண்ட், லேசில் போகவில்லை.

வியாழக்கிழமை அவளே சலவைக் கம்பெனிக்குப் போனாள். நடந்து. முதலாளி ஒல்லியான, கணக்குப் பார்க்கிற மனுஷர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எழுத்தில் இருப்பதை அப்படியே நம்புகிறவர், அவ்வளவுதான். அக்கா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அவன் உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"உறவு ஒண்ணும் இல்லைங்க. நாளைக்கு நீங்களே அவன் பக்கத்துல உக்காந்து முழுநாளும் போயிட்டு வாங்க. காலையில டேங்கை உங்க கண்ணு முன்னாடி நிரப்புங்க, சாயங்காலம் மறுபடி நிரப்புங்க. அவன் தினமும் எடுக்கிறவனா இருந்தா, நாளைக்கு எடுக்க முடியாது, நூத்துக்குப் பத்து கம்மியாப் பிடிக்கும்."

மறுநாள் அவர் போனார். இருபத்துமூன்று இடத்திலும் கீழே இறங்காமல் உட்கார்ந்திருந்தாராம். சாயங்காலம் நிரப்பினால், எப்போதும் பிடிக்கிற அதே அளவு. ஒரு சொட்டு குறையவில்லை.

நேராகக் கொட்டகைக்குத்தான் வந்தார். ரேடியோ வண்டியிலேயே இருந்தான். முதலாளி பலகையை நிமிர்ந்து பார்த்தார். சுரண்டிய இடம் வெளுத்துத் தெரிந்தது.

"அந்த வரி எங்க?"

"பொய்யா இருந்துச்சுங்க, எடுத்துட்டோம்" என்றாள் அக்கா.

"அப்ப அந்தப் பத்து எங்கதான் போச்சு?" என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். ஏதோ கைப்பொருளைத் தொலைத்தவர் போலக் கேட்டார். "அவ்வளவு பெரிய பெட்டி. வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு. அதை மூடினா ஒண்ணுமே ஆகாதுன்னா எப்படிம்மா நம்புறது? என் காதுல பூ சுத்தலையே?"

"பத்து எங்கயும் போகலங்க. இல்லாததை எழுதி வச்சது நாங்க" என்றாள். நான் முன்னால் வந்து, "எழுதினது நான்" என்றேன். "அக்கா கேட்டாங்க, யாரு பாத்ததுன்னு. நான்தான் காதுல வாங்கல."

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு ஒரு அறை தேவலை.

"நாளைக்குக் காலையில வாங்க, காட்டுறேன்" என்றாள் அக்கா அவரிடம்.

சனிக்கிழமை. என் வண்டி, அக்கா நூல் நட்ட பின்பெட்டி. ஓட்டுவது ரேடியோ. அவன் ஓட்டட்டும் என்று அக்காதான் சொன்னாள். நான் அவன் பக்கத்தில். பின்சீட்டில் அக்காவும் முதலாளியும், இரண்டு பேரும் மண்டிபோட்டு, பின்பக்கம் திரும்பி. அக்கா மரியாதைக்கு அவருக்கும் ஒரு பை கொடுத்தாள்.

தொண்ணூறு வந்தது. நான் கண்ணாடியில் அவர் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அது அசையவில்லை. பிறகு மெதுவாக, "இது... நம்ம பக்கமா வருதே" என்றார்.

"ஆமாங்க."

"வண்டி இந்தப் பக்கம் போகுது. காத்து அந்தப் பக்கம் போகணும்."

"மேல அப்படித்தாங்க போகுது. கீழ பாருங்க."

"யாரும்மா இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"குப்பைங்க" என்றாள் அக்கா. உடனே பையைப் பிரித்தாள்.

பத்து கிலோமீட்டர் அப்படியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் ஓரமாக நிறுத்தச் சொன்னார். ரேடியோ நிறுத்தினான், இரண்டு கையும் ஸ்டீரிங்கிலேயே இருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளி இறங்கிச் சுற்றிவந்து டிரைவர் கதவைத் திறந்தார்.

"இறங்கு" என்றார்.

ரேடியோ இறங்கினான். அந்த முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை.

முதலாளி அவன் தோளில் கையை வைத்தார். "என்னைத் தவிர எல்லாரும் பாத்துட்டாங்கன்னு நினைச்சேன். நீ இன்னும் பாக்கல இல்ல?" என்றார். "தப்பு பண்ணிட்டேன். போய்ப் பின்னாடி உக்காரு. நான் ஓட்டுறேன், நீ பாரு."

அவர் ஓட்டிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். கியர் போடும்போது வண்டி துள்ளியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், என் வண்டியாயிற்றே. ரேடியோ, பதினோரு வருஷமாக அவருக்கு முதுகைக் காட்டாமல் வேலை பார்த்தவன், பின்சீட்டில் அவருக்கு முதுகைக் காட்டி மண்டிபோட்டு உட்கார்ந்தான். அக்கா அவன் பக்கத்தில். எழுபது. எண்பது. தொண்ணூறு.

"என்னப்பா தெரியுது?" என்று முதலாளி சத்தமாகக் கேட்டார். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

ரேடியோ பதில் சொல்லவில்லை. அவன் எப்போது பதில் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அந்தப் பக்கம் சிவப்பு நூல்கள் எல்லாம் அவன் கையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"முதலாளி" என்றான் கடைசியில். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "நான் எடுக்கல முதலாளி."

"தெரியும்ப்பா" என்றார் அவர். "தெரியும். நீ பாரு."